குழாயின் முழங்கை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

தண்ணீருக்கு வளையத் தெரியும். செங்கோணத்தில் திரும்பத் தெரியாது. மலையிலிருந்து இறங்கும் ஓடையானாலும் சரி, கொள்ளிடமானாலும் சரி, எங்கேனும் மூலைமட்டம் வைத்ததுபோல் திரும்பி ஓடுவதைக் கண்டவர் இல்லை. ஆனால் மனிதன் தன் வீட்டை மூலைமட்டம் வைத்தே கட்டுகிறான். கொத்தனார் மூலைக்கு மூலை நூல் பிடித்து, மூன்றடி, நான்கடி, ஐந்தடி அளந்து செங்கோணம் சரிபார்க்கிறார். அந்தச் சுவரை ஒட்டித்தான் குழாய் போக வேண்டும். ஆகவே தண்ணீரும் தன் இயல்புக்கு மாறாக, மொட்டை மாடித் தொட்டியிலிருந்து குளியலறை வரை பத்துப் பன்னிரண்டு தடவை செங்கோணத்தில் திரும்ப வேண்டியதாகிறது. அப்படித் திருப்புவதற்கென்று செய்யப்பட்ட சிறு உறுப்பே கடைகளில் ‘எல்போ’ என்று கேட்டு வாங்கப்படுவது.

இந்தச் சிறு உறுப்பைப் பற்றிக் கட்டுரை எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். என் தாய்மாமா குழாய் வேலை செய்பவர். விடுமுறை நாள்களில் அவருக்குக் கையாளாகப் போவதுண்டு. அங்கே காதில் விழும் சொற்களையும் வகுப்பில் படிக்கும் பாய்மவியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஒன்றை ஒன்று விளக்குவதைக் கண்டேன். அதுவே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். எல்போ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு முழங்கை என்பது பொருள். அச்சொல் இரண்டு பகுதிகளாலானது. முன்பாதியான ‘எல்’ முன்கையைக் குறித்த பழைய சொல். துணி அளக்கும் ஓர் அளவுக்கும் அதுவே பெயராயிற்று. பின்பாதி வளைவு என்னும் பொருளுடையது. நம் ‘முழம்’ என்பதும் முழங்கை முதல் விரல் நுனி வரையுள்ள நீளந்தானே? பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தில் கையை மடக்கி ஒரு முழம் பூ அளந்து தரும் அம்மாளும் அந்த ஆங்கிலத் துணி வணிகனும் ஒரே உறுப்பைக் கொண்டு அளந்திருக்கிறார்கள் என்பது எண்ணி மகிழத்தக்கது. ஆகவே எல்போவை ‘முழங்கை’ என்று சொல்வது மொழிபெயர்ப்பு என்று கூடத் தோன்றவில்லை. இரு மொழிக்காரரும் தத்தம் கையைப் பார்த்தே பெயரிட்டாற்போல் இருக்கிறது.

குழாய் வேலைக்காரரைக் குறிக்கும் ‘பிளம்பர்’ என்னும் சொல்லும் கவனிக்கத்தக்கது. இலத்தீனில் ‘பிளம்பம்’ என்றால் காரீயம். உரோமானியர் காரீயத் தகட்டைச் சுருட்டிக் குழாய் செய்தனர். காரீயத்தின் வேதிக்குறியீட்டிலுள்ள இரண்டு எழுத்துகளும் அந்தச் சொல்லிலிருந்து வந்தவையே. காரீயம் நஞ்சு என்று தெளிந்தபின் குழாய்த் தொழில் அதைக் கைவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

செங்கோணத்தில் நீரைத் திருப்பும் வேலை நம் நாட்டுக்குப் புதியதன்று. ஏரிகளில் கரைக்கு உட்புறம் நீர்ப்பரப்பின் நடுவே கல்தூண்களோடு நிற்கும் குமிழித் தூம்பைப் பலர் பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு துளை வழியாக நீர் நேர்க்கீழாக இறங்குகிறது. இறங்கிய நீர் கரையின் அடியில் படுக்கையாகச் செல்லும் கால்வாய்க்குள் திரும்பி மறுபக்கம் வயலுக்குப் போகிறது. அடியில் உள்ள சிறு துளைகள் சேற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் அவற்றைச் சேறோடித் துளை என்றும் மேலுள்ளதை நீரோடித் துளை என்றும் கூறுவர். கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த பகுதியில் வாழும் நமக்குச் சோழர் காலத்து ஏரிகளும் தூம்புகளும் அந்நியமல்ல. நிமிர்ந்து நிற்பது ஒன்று, படுத்திருப்பது ஒன்று, இரண்டும் சேரும் மூலை ஒன்று. இந்த அமைப்பைப் பார்க்கும்போது அது கல்லால் செய்த ஒரு பெரிய முழங்கை என்றே எனக்குப் படுகிறது.

இனிக் கடைக்கு வருவோம். சென்ற கோடை விடுமுறையில் ஒரு வீட்டு வேலைக்கு, வீட்டுக்காரரே சாமான் வாங்க எங்களுடன் கடைக்கு வந்தார். படித்தவர், கணக்கில் கெட்டிக்காரர். “அண்ணே, அரை இஞ்ச் எல்போ பத்து குடுங்க” என்றார். கடைக்காரர் எழுந்திருக்கவே இல்லை.

“எதுல? பி.வி.சி.யா, சி.பி.வி.சி.யா, ஜி.ஐ.யா?”

“சி.பி.வி.சி.தான்.”

“ரெண்டு பக்கமும் ஒட்டுறதா, ஒரு பக்கம் மரையா?”

“ஒரு பக்கம் மரை.”

“உள்மரையா, வெளிமரையா? அரைக்கு அரையா, முக்கால்ல இருந்து அரைக்கு வர்றதா?”

“எல்போ கேட்டா குறுக்கு விசாரணை பண்றீங்களே!” என்று வீட்டுக்காரர் சிரித்தார். மாமா பின்னாலிருந்து, “முக்கால் அரை பிராஸ் எல்போ” என்று நான்கே சொற்களில் சொன்னார். உடனே பெட்டி திறந்தது.

கடைக்காரர் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூட வீண் அல்ல. ‘அரை இஞ்ச் எல்போ’ என்பது ஒரு பொருளின் பெயரே அல்ல. பல பொருள்களுக்குப் பொதுவான ஒரு குடும்பப் பெயர். இந்தச் சிக்கலில் ஆழமானது அளவுச் சிக்கல். ஆகவே அதைச் சற்று விரிவாகக் காண்போம்.

அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர் என்று ஆறாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். வேலை முடிந்த இடத்தில் கிடந்த மூன்று ‘அரை இஞ்ச்’ குழாய்த் துண்டுகளை எடுத்துவந்து, ஆய்வகத்தில் வெர்னியர் அளவியால் வெளிவிட்டத்தை அளந்தேன். இரும்புக் குழாய், அதாவது துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய், 21.3 மில்லிமீட்டர். வெள்ளை பி.வி.சி. குழாய் 20.1 மில்லிமீட்டர். வெந்நீருக்கும் தாங்கும் வெளிர்மஞ்சள் சி.பி.வி.சி. குழாய் 15.9 மில்லிமீட்டர். மூன்றில் ஒன்றும் 12.7 அல்ல. மூன்றும் ஒன்றுக்கொன்று சமமும் அல்ல. ஆனால் மூன்றுக்கும் பெயர் அரை இஞ்ச்!

இதற்குக் காரணம் பெயர் பொய் சொல்வதன்று. ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு வரலாற்றிலிருந்து வந்தது என்பதே. இரும்புக் குழாய் முதலில் எரிவாயுவுக்கும் நீராவிக்கும் செய்யப்பட்டபோது அதன் உள்துளை ஏறக்குறைய அரை அங்குலமாகவே இருந்தது. சுவர் தடிமனாக இருந்தது. பிறகு உலோகத்தின் தரம் உயர்ந்து சுவரை மெலிதாக்க முடிந்தது. அப்போது எந்தப் பக்கத்தைக் குறைப்பது? வெளிப்பக்கத்தைக் குறைத்தால் அதுவரை உலகில் இருந்த எல்போவும் சாக்கெட்டும் பொருந்தாமல் போகும். ஆகவே வெளிவிட்டத்தைத் தொடாமல் உள்துளையைப் பெரிதாக்கினார்கள். துளை வளர்ந்தது, பெயர் வளரவில்லை. இன்றும் நம் நாட்டுத் தர அளவின்படி ஜி.ஐ. குழாயில் லேசு, நடுத்தரம், கனம் என்று மூன்று வகை உண்டு. மஞ்சள், நீலம், சிவப்புக் கோடுகளால் அவற்றை அடையாளம் காண்கிறோம். அரை இஞ்சில் அவற்றின் சுவர்த் தடிமன் முறையே 2.0, 2.6, 3.2 மில்லிமீட்டர். உள்துளை மூன்றிலும் வேறு. வெளிவிட்டம் மூன்றிலும் ஒன்றே. அதனால்தான் ஒரே எல்போ மூன்றுக்கும் பொருந்துகிறது.

பி.வி.சி. குழாய் மீட்டர் அளவைக் காலத்தில் வந்தது. அதற்கு வெளிவிட்டமே பெயர்: 20, 25, 32, 40, 50, 63 என்று போகும். ஆனால் நம் மக்கள் பழைய பெயர்களையே அதற்கும் வழங்கிவிட்டார்கள். 20 என்பது அரை இஞ்ச், 25 முக்கால், 32 ஒரு இஞ்ச், 63 இரண்டு இஞ்ச். சி.பி.வி.சி. குழாயோ செப்புக் குழாயின் அளவைப் பின்பற்றுவது. ஆகவே வெளிவிட்டம் 15.9. ஒரே பெயரில் மூன்று தலைமுறை உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லலாம்.

குழாயைப் பற்றிப் பேசும்போது நம் பகுதி விவசாயிகள் வழக்கிலுள்ள இன்னொரு சொல்லையும் குறிப்பிட வேண்டும். கிணற்றிலிருந்து வெங்காயக் கொல்லைக்குக் குழாய் இழுப்பவர் “நாலு கேஜி பைப்பா, ஆறு கேஜி பைப்பா?” என்று கேட்பார். நான்கு கிலோ எடையுள்ள குழாய் என்று நினைத்துவிடக்கூடாது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நான்கு கிலோ அழுத்தம் தாங்கும் என்பதே அதன் பொருள். அழுத்தம் என்னும் பௌதிக அளவு, அலகோடு கூடக் கொல்லைமேட்டில் புழங்குகிறது. பள்ளிக்கூடம் போகாத என் பாட்டியும் இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்பார்.

அடுத்தது மரை. திருகாணியின் புரியைக் குறிக்கும் இந்தச் சொல் எல்லாப் பட்டறைகளிலும் வழங்குகிறது. நண்பர்களைக் கேலி செய்யும்போதும் “மரை கழண்டுபோச்சு” என்கிறோம். எல்போவின் உட்புறத்தில் மரை வெட்டியிருந்தால் உள்மரை. குழாயின் வெளிப்புறத்தில் வெட்டியிருந்தால் வெளிமரை. ஆங்கில வழக்கில் இவற்றைப் பெண், ஆண் என்பார்கள். அதிலிருந்து வந்தவையே கடைகளில் கேட்கும் எம்.டி.ஏ., எஃப்.டி.ஏ. ஒரு பக்கம் ஒட்டுவதும் மறுபக்கம் மரை உள்ளதுமான உறுப்புகள் அவை. முதலாவதில் வெளிமரை, இரண்டாவதில் உள்மரை. தொழிலாளர்கள் அவற்றை எழுத்துகளாக எண்ணுவதில்லை. ‘எம்டியே’ என்று ஒரே சொல்லாக, தமிழ்ச் சொல்போலவே சொல்கிறார்கள். இரண்டு முனையிலும் உள்மரை உள்ளது சாதாரண எல்போ. ஒரு முனையில் உள்மரையும் மறுமுனையில் வெளிமரையும் உள்ளதை ‘ஸ்ட்ரீட் எல்போ’ என்பர். அது இருந்தால் இரண்டு எல்போக்களுக்கு இடையே நிப்பிள் என்னும் சிறு துண்டு தேவைப்படாது. இடுக்கான மூலையில் உதவும்.

மரையிலும் வேற்றுமை உண்டு. நம் நாட்டில் வழங்குவது 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலப் பொறியாளர் வகுத்த முறையின் வழிவந்தது. புரியின் கோணம் 55 பாகை. அரை இஞ்சில் அங்குலத்துக்கு 14 புரி. அமெரிக்க முறையிலும் அரை இஞ்சுக்கு 14 புரியே. ஆனால் கோணம் 60 பாகை. ஆகவே ஒன்றினுள் ஒன்று சில சுற்றுகள் நன்றாகவே ஏறும், பொருந்தியதுபோல் தோன்றும், தண்ணீர் விட்டால் கசியும். நம் மாவட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பைப் ஃபிட்டர் வேலைக்குப் போனவர்கள் பலர். அப்படிப் போய்த் திரும்பிய சித்தப்பா ஒருவர், தொடக்கத்தில் தம்மைத் திணற வைத்தது வேலை அன்று, சொல்லே என்பார். அங்கே பற்றவைக்கும் எல்போவில் ‘லாங் ரேடியஸ்’, ‘ஷார்ட் ரேடியஸ்’ என்று இரண்டு. முன்னதில் வளைவின் ஆரம் குழாய் அளவில் ஒன்றரை மடங்கு; பின்னதில் ஒரு மடங்கு. நான்கு இஞ்ச் லாங் ரேடியஸ் எல்போவுக்கு மையத்திலிருந்து முனை வரை ஆறு அங்குலம். இந்தக் கணக்கை வாயால் சொல்லத் தெரிந்தவனை ஃபிட்டர் என்பார்கள், தெரியாதவனை ஹெல்ப்பர் என்பார்கள், சம்பளமும் அதற்கேற்பவே. அவர் சட்டைப்பையில் வைத்திருந்த சிறு குறிப்பேட்டில், ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதிப் பக்கத்தில் படமும் போட்டு வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கலைச்சொல் அகராதிக்கு அதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை.

மரை எல்போவை மாட்டுவது சாக்கெட்டை மாட்டுவதுபோல் அன்று. நேரான சாக்கெட் எந்தச் சுற்றில் இறுகி நின்றாலும் கவலையில்லை. எல்போவோ இறுகும்போது அதன் மறுவாய் வேண்டிய திசையைப் பார்த்து நிற்க வேண்டும். சற்று முன்னதாக இறுகிவிட்டால் இன்னும் முக்கால் சுற்று முறுக்க வேண்டும். முறுக்கினால் விரிசல் விடலாம். பின்னோக்கித் திருப்பினால் கசியும். ஆகவே மரையில் சுற்றும் சணல் அல்லது டெஃப்ளான் டேப்பின் கனத்தைக் கூட்டியோ குறைத்தோ, இறுகும் இடத்தையே வேலைக்காரர் தீர்மானிக்கிறார். மாமா டேப்பைச் சுற்றும்போது உதடு அசைவதைப் பார்த்து, ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று சிறுவயதில் நினைத்திருக்கிறேன். அவர் சுற்று எண்ணிக்கொண்டிருந்தார்.

மாமா கேட்டு வாங்கிய ‘முக்கால் அரை பிராஸ் எல்போ’வின் சிறப்பும் இங்கேதான். முக்கால் இஞ்ச் சி.பி.வி.சி. குழாய் சுவருக்குள் வந்து செங்கோணத்தில் வெளியே திரும்பும் இடத்தில் அது பதிக்கப்படுகிறது. ஒருபக்கம் ஒட்டப்படும், மறுபக்கம் பித்தளையில் வெட்டிய அரை இஞ்ச் உள்மரை, அதில்தான் குழாய்த் திருகு ஏறும். திருகை எத்தனையோ தடவை கழற்றி மாட்ட வேண்டியிருக்குமாதலால், மரை பிளாஸ்டிக்கில் இருந்தால் தேய்ந்துவிடும், பித்தளை தாங்கும். இதன் மேல் சிமெண்டுப் பூச்சும் அதன்மேல் ஓடும் வந்துவிடும். எல்போ பூச்சுக்குள் ஆழமாகப் போய்விட்டால் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் போட்டுச் சமாளிக்கலாம். பித்தளை இல்லாத எல்போவைப் பதித்துவிட்டு மரை கெட்டால், ஓட்டை உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ‘பிராஸ்’ என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டு எழுதிய சாமான் பட்டியலால் உடைபட்ட சுவரை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டின் விலை போகட்டும். அதே நிறத்தில் ஓடு மறுபடி கிடைக்கவில்லை.

இனி, எல்போவுக்கும் பெண்டுக்கும் உள்ள வேற்றுமை. இரண்டும் செங்கோணமே. எல்போ மூலையில் சட்டென்று திரும்புவது. பெண்டு அகலமாக வளைந்து திரும்புவது. நாம் தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் ‘வளைவு’ என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டால், பௌதிகத்தையே அழித்துவிடுகிறோம். ஏனெனில் தண்ணீருக்கு இவை இரண்டும் ஒன்றல்ல.

பேருந்து வேகமாகத் திரும்பும்போது நின்றுகொண்டிருப்பவர்கள் வெளிப்பக்கம் சாய்வதுபோல், குழாயின் நடுவே வேகமாக வரும் நீர் திருப்பத்தில் வெளிச்சுவரை நோக்கிப் பாய்கிறது. அங்கே அழுத்தம் கூடுகிறது. சுவரை ஒட்டி மெதுவாக வரும் நீர் அந்த அழுத்தத்தால் தள்ளப்பட்டு, சுவர் வழியாகவே உட்பக்கத்துக்கு வழுக்கி வருகிறது. ஆகத் திருப்பத்தைத் தாண்டிய நீரில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு சுழல்கள் தோன்றுகின்றன. வளைந்த குழாயில் இதைக் கணித முறையில் ஆராய்ந்தவர் டீன் என்னும் ஆங்கிலேய அறிஞர், ஆண்டு 1927. அதற்கு முந்தைய ஆண்டில் ஐன்ஸ்டைன், ஆறுகள் ஏன் வளைந்து வளைந்து ஓடுகின்றன என்பதற்கு இதே வகையான விளக்கத்தைத் தந்தார். தேநீரைக் கலக்கிவிட்டால் தூள் விளிம்புக்குப் போகாமல் நடுவில் குவிவதும் இதனாலேயே. ஆற்றின் திருப்பத்தில் வெளிக்கரை அரிபட்டு உட்கரையில் மணல் சேர்வதும் இதனாலேயே.

எல்போவில் இதற்குமேலும் ஒரு தொல்லை உண்டு. மூலை கூர்மையாக இருப்பதால் நீர் உட்பக்கச் சுவரை விட்டு விலகிவிடுகிறது. விலகிய இடத்தில் நீர் வீணாகச் சுழன்றுகொண்டிருக்கிறது. இப்படி வீணாகும் ஆற்றலைப் பொறியாளர்கள் நேர்க்குழாயின் நீளமாக மாற்றிச் சொல்வர். சாதாரண எல்போ ஒன்று, குழாய் விட்டத்தைப்போல் 30 மடங்கு நீளமுள்ள நேர்க்குழாய்க்குச் சமம். அகன்ற பெண்டு ஏறத்தாழ 20 மடங்கு அல்லது அதற்கும் குறைவு. டீயின் பக்கவாயில் திரும்பிப் போனால் 60 மடங்கு. அரை இஞ்ச் ஜி.ஐ. குழாயின் உள்துளை சுமார் 16 மில்லிமீட்டர். ஆகவே ஓர் எல்போ சுமார் ஒன்றரை அடிக் குழாய்க்குச் சமம்.

ஒன்றரை அடி அற்பம் என்று தோன்றலாம். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து குளியலறைப் பூவாளி வரை குழாய் 30 அடி என்றும் இடையில் 12 எல்போ என்றும் கொள்வோம். எல்போக்கள் மட்டும் 18 அடி கூட்டுகின்றன. நீரின் கணக்கில் குழாய் 48 அடி. இதைத் தள்ளிச் செல்ல நம்மிடம் உள்ள உயரம் எவ்வளவு? தளம் தரையிலிருந்து பத்தரை அடி, தொட்டியின் மேடை இரண்டடி, பூவாளி ஏழடி உயரத்தில். மிஞ்சுவது ஐந்தரை அடிதான். “தொட்டி நிறையத் தண்ணி இருக்கு, பூவாளியில சொட்டுதே” என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் தொட்டி குற்றவாளி அல்ல. சுவரோரமாகக் குழாயை ஒளித்து ஒளித்து, உத்திரத்தைச் சுற்றி, சன்னலைச் சுற்றிக் கொண்டுபோன மூலைகளை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். 2019-இல் ஜல் ஜீவன் திட்டம் தொடங்கியபின் ஊர்ப்புறத்தில் வீட்டுக்கு வீடு குழாய் வந்திருக்கிறது. தெருக்குழாயடியில் குடம் வைத்து வரிசையில் நின்றபோது அழுத்தம் எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது. இப்போது மேட்டுத் தெருவின் கடைசி வீட்டில், முற்றத்துக் குழாயிலிருந்து அடுப்படி வரை எத்தனை முழங்கை போடலாம் என்பது கணக்குப் போட்டே முடிவு செய்ய வேண்டிய செய்தி.

பெருங்குழாய்களுக்கு வருவோம். பெரம்பலூருக்குக் கொள்ளிடத்திலிருந்து குடிநீர் வருகிறது. இத்தகைய பெருங்குழாய்கள் திரும்பும் இடங்களில் மண்ணுக்குள் பெரிய கான்கிரீட் கட்டை ஒன்றைக் குழாயின் வெளிப்பக்கம் முட்டுக் கொடுத்ததுபோல் அமைப்பார்கள். வேகமாக வரும் நீர் மோதுவதால் என்று பலரும் நினைப்பர். கணக்கு வேறு சொல்கிறது. 300 மில்லிமீட்டர் குழாயில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ என்று கொண்டால், குழாயின் குறுக்குப் பரப்பு 707 சதுர சென்டிமீட்டர். பரப்பை அழுத்தத்தால் பெருக்க ஏறத்தாழ 4,240 கிலோ. செங்கோணத் திருப்பத்தில் இரண்டு திசையிலும் இவ்வளவு. இரண்டையும் சேர்த்தால் 1.414 மடங்கு, அதாவது சுமார் 6,000 கிலோ எடைக்குச் சமமான விசை, மூலையை வெளிநோக்கித் தள்ளுகிறது. நீர் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடினால், அந்த ஓட்டத்தால் மட்டும் வரும் தள்ளுவிசையோ பத்துக் கிலோ அளவே! வால்வை மூடி நீரை நிறுத்தினாலும் ஆறு டன் விசை அங்கேயே இருக்கும். அசையாத நீர்தான் முழங்கையைப் பிடுங்கப் பார்க்கிறது. அரை இஞ்ச் வீட்டுக்குழாயில் இதே கணக்கைப் போட்டால் இரண்டு கிலோகூட வராது, பசையே பிடித்துக்கொள்ளும்.

கழிவுநீர்க் குழாயைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க இயலாது. மாடியிலிருந்து இறங்கும் நாலு இஞ்ச், அதாவது 110 மில்லிமீட்டர் குழாயின் அடியில் போடும் பெண்டை எல்லாரும் ‘தொண்ணூறு’ என்றே கேட்டு வாங்குகிறார்கள். அதைத் தாளின்மேல் வைத்து இரு புறமும் கோடிழுத்துக் கோணமானியால் அளந்தால் உட்கோணம் தொண்ணூறுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். செய்தவர் பிழை அன்று. அதன் திரும்புகோணம் 87.5 பாகை என்று வேண்டுமென்றே வைக்கப்பட்டது. நேர்க்கீழாக வரும் குழாயோடு அதைப் பொருத்தினால், படுக்கைக் குழாய் தானாகவே இரண்டரைப் பாகை சரிந்து நிற்கும். 23 அடிக்கு ஓரடி வாட்டம். முழுச் செங்கோணமாக இருந்தால் வாட்டம் கொடுப்பதற்காக மூட்டைக் கோணலாக ஒட்ட நேரும். ஆக, வீட்டிலுள்ள ‘செங்கோண’ உறுப்புகளில் பெரியது செங்கோணமே அன்று.

இடமிருந்தால் அந்த ஒரு பெண்டுக்குப் பதில் 45 பாகை இரண்டைச் சேர்த்துப் போடுவது மேல். கழிவு மோதி நிற்காமல் வழுகிப் போகும். ஆங்கில வழக்கில் 45 பாகைக்கு ‘எட்டில் ஒன்று’ என்றும் 90 பாகைக்கு ‘நான்கில் ஒன்று’ என்றும் பெயர் உண்டு. முழு வட்டத்தில் எத்தனை பங்கு என்பது கணக்கு. பங்கு எதில் என்று தெரியாவிட்டால், நான்கில் ஒன்று என்பது அரைக்கும் குறைந்த வளைவு என்று எண்ணத் தோன்றும்.

அடைத்துக்கொள்ளக்கூடிய மூலைகளில் போடுவது டோர் பெண்டு. முதுகில் திருகாணி வைத்து மூடிய சிறு கதவு உண்டு. அடைத்தால் திறந்து, மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்தலாம். ஒட்டுவதற்குமுன் கதவு எந்தப் பக்கம் வரவேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். பசை பிடித்தபின் திருப்ப முடியாது. கதவு சுவரைப் பார்த்துப் போய்விட்டால், அடைக்கும் நாளில் யாரோ ஒருவர் அந்தக் குழாயை அறுத்துத்தான் கைவிட வேண்டியிருக்கும்.